சூப்பர் கம்ப்யூட்டரும் கிரிட்டும்: ஆராய்ச்சி மாணவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருச்சி என்.ஐ.டி.யில் 2022 முதல் ‘பரம் பொருள்’ என்ற சூப்பர் கம்ப்யூட்டர் இயங்குகிறது. அதன் உச்ச வேகம் 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி தசமக் கணக்குகள். மத்திய அரசு 2015இல் 4,500 கோடி ரூபாய் மதிப்பில் தொடங்கிய தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில் இதுபோலப் பல கல்வி நிறுவனங்களுக்கு இயந்திரங்கள் வந்துவிட்டன. அவற்றைப் பயன்படுத்த எங்கிருந்து கற்கத் தொடங்குவது என்பதில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். இணை நிரலாக்கப் புத்தகத்தை எடுத்து, இரண்டாம் அத்தியாயத்தில் மூடிவைப்பவர்களே அதிகம். நான் சொல்லும் வரிசை வேறு. நிரலாக்கத்தைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள்.

படி 1: உங்கள் கணக்கு எந்த ரகம்?

வானிலை மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். நிலப்பரப்பைக் கட்டங்களாக வெட்டி, ஆளுக்குக் கொஞ்சமாகப் பல பிராசசர்களிடம் கொடுக்கிறோம். பக்கத்துக் கட்டத்தின் காற்றும் வெப்பமும் தெரியாமல் எந்தக் கட்டமும் அடுத்த நிமிடத்துக்கு நகர முடியாது. ஒவ்வொரு அடியிலும் பிராசசர்கள் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும். அதற்கு இன்ஃபினிபேண்ட் போன்ற அதிவேக வலையமைப்பு தேவை. சூப்பர் கம்ப்யூட்டருக்கு ஆகும் செலவில் கணிசமான பங்கு அதற்குத்தான். சென்னை கணித அறிவியல் நிறுவனம் குவார்க்குகள் பற்றிய லாட்டிஸ் கணக்குகளுக்காக அமைத்த ‘கப்ரு’ கிளஸ்டரும் (பல கணினிகளை இணைத்த தொகுப்பு) இந்த ரகத்துக்கானதே. 2004இல் அது உலகின் முதல் 500 கணினிகள் பட்டியலில் இடம்பிடித்தது.

இன்னொரு ரகம்: பத்தாயிரம் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக ஒரு புரதத்தோடு பொருத்திப் பார்ப்பது. ஒன்றின் விடைக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை. இதற்கு அதிவேக வலை வேண்டாம், நிறைய சாதாரணக் கணினிகள் போதும். கிரிட் (படி 6இல் வருகிறது) நன்றாகப் பொருந்துவது இதற்குத்தான். உங்கள் கணக்கு இந்த இரண்டாம் ரகமாக இருந்தால், சூப்பர் கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை என்று மாதக்கணக்கில் காத்திருப்பது வீண்.

படி 2: லினக்ஸ்

இதில் தப்பிக்க வழியில்லை. 2017 நவம்பர் முதல் அந்த 500 பட்டியலில் உள்ள எல்லாக் கணினிகளும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. மவுஸைத் தொடாமல் கோப்புகளை நகர்த்தவும், எஸ்.எஸ்.எச். வழியே தொலைவில் உள்ள கணினிக்குள் நுழையவும், சிறு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதவும் வந்தால் போதும்.

படி 3: வரிசையில் நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எஸ்.எஸ்.எச். மூலம் நீங்கள் நுழைவது லாகின் நோடு. அது எல்லோருக்கும் பொதுவான வாசல். கோப்புகளைத் திருத்தலாம், நிரலைக் கம்பைல் செய்யலாம். கணக்கை அங்கேயே ஓடவிட்டால் அத்தனை பேருக்கும் கணினி திணறும். நிர்வாகியிடமிருந்து மின்னஞ்சல் வரும்.

கணக்கை ஒரு ‘ஜாப்’ ஆகத்தான் அனுப்ப வேண்டும். பெரும்பாலான இடங்களில் இதைக் கவனிப்பது ‘ஸ்லர்ம்’ என்ற மென்பொருள். எத்தனை நோடு (கிளஸ்டரில் உள்ள தனிக் கணினி), எத்தனை கோர் (பிராசசருக்குள் உள்ள கணக்கிடும் அலகு), எவ்வளவு மெமரி, எவ்வளவு நேரம் என்று ஸ்கிரிப்ட்டின் தலையில் நான்கைந்து வரிகள் எழுதி, ‘எஸ்பேட்ச்’ கட்டளையால் அனுப்புகிறோம். ‘எஸ்க்யூ’ கட்டளை வரிசையில் நம் நிலையைக் காட்டும்.

இங்கே புதியவர்கள் செய்யும் ஒரு காரியம் உண்டு: எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று நாள் கேட்பது. ஸ்லர்ம் ஒரு பெரிய ஜாபுக்காக நோடுகளைச் சேர்த்துக்கொண்டிருக்கும்போது இடையில் இரண்டு மணி நேர இடைவெளி கிடைக்கும். பெரிய மூட்டைகளுக்கு நடுவே சின்னப் பையைச் செருகுவதுபோல, அதற்குள் முடியும் ஜாபை முன்னதாகவே உள்ளே விடும். ஒன்றரை மணி நேரம் கேட்டவர் இன்றே முடித்துவிடுவார். அதே வேலைக்கு மூன்று நாள் கேட்டவர் வரிசையில் நிற்பார். நேரம் தீர்ந்தால் ஜாப் ஈவிரக்கமில்லாமல் நிறுத்தப்படும் என்பதும் உண்மை. அதனால் பாதியில் விட்ட இடத்திலிருந்து தொடர வசதியாக, இடையிடையே நிலையைச் சேமிக்கும் ‘செக்பாயிண்ட்’ வழக்கத்தை முதல் நாளிலேயே பழகுங்கள்.

தற்காலிகச் சேமிப்பிடமான ஸ்க்ராட்ச் பகுதியில் உள்ள கோப்புகள் பல இடங்களில் குறிப்பிட்ட நாட்களுக்குப் பின் தானாக அழியும். பெரும்பாலும் காப்புப் பிரதியும் இருக்காது. முடிவுகளை உடனே எடுத்துவிடுங்கள்.

படி 4: கேட்பதற்கு முன் அளந்து பாருங்கள்

எத்தனை கோரில் ஓட்டினாய் என்பது ஆராய்ச்சி மாணவர்களிடையே ஒரு கௌரவப் போட்டியாகவே ஆகிவிட்டது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் முன்வைத்த வாதம் அந்தக் கௌரவத்தைக் கலைத்துவிடும்.

ஒரு நிரல் ஒரு கோரில் 100 நிமிடம் ஓடுகிறது. அதில் 10 நிமிட வேலையைப் பிரிக்கவே முடியாது என்று வையுங்கள். 8 கோரில் சுமார் 21 நிமிடம். 16 கோரில் 15.6 நிமிடம். 1,024 கோர் கொடுத்தாலும் 10 நிமிடத்துக்குக் கீழே வராது. அதாவது 16க்கு மேல் கூடுதலாக ஆயிரத்தெட்டு கோர் வாங்கி மிச்சப்படுத்தியது ஐந்தரை நிமிடம். நடைமுறையில் பிராசசர்கள் பேசிக்கொள்ளும் நேரமும் சேர்வதால், கோரைக் கூட்டக் கூட்ட வேகம் குறைவதும் உண்டு.

ஆகவே சின்ன மாதிரிக் கணக்கு ஒன்றை 1, 2, 4, 8, 16 கோர்களில் ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை மடங்கு வேகம் கூடியதோ அதைக் கோர் எண்ணிக்கையால் வகுத்தால் திறன் விகிதம். மேலே சொன்ன நிரலுக்கு 8 கோரில் 59 சதவீதம், 16 கோரில் 40. பாதிக்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிடுவேன். அந்த நிரலுக்கு 8 போதும். கணினி நேரம் கேட்டு விண்ணப்பிக்கும்போது இந்த அட்டவணையை இணைத்தால் விண்ணப்பத்துக்கு வலு கூடும்.

கோர் எண்ணிக்கையை மாற்றும்போது விடையின் கடைசி இலக்கங்கள் மாறினால் பதற வேண்டாம். தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் ரவுண்டிங்கும் மாறும்.

படி 5: இப்போது நிரலாக்கம்

குரோமாக்ஸ், லாம்ப்ஸ், குவாண்டம் எஸ்பிரெசோ போன்ற தயார் மென்பொருள்களைப் பயன்படுத்துபவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். சொந்த நிரல் எழுதுபவர்கள் ஒரே நோடுக்குள் ஓபன்எம்பி, பல நோடுகளுக்கு எம்.பி.ஐ., ஜி.பி.யு.வுக்கு ‘கூடா’ (CUDA) என்ற வரிசையில் போகலாம். பைத்தான் மட்டும் தெரிந்தவர்களுக்கு எம்.பி.ஐ.ஃபார்பை இருக்கிறது.

படி 6: கிரிட்

கிரிட் என்றால் வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகளை ஒரே அனுமதியில் பயன்படுத்தும் ஏற்பாடு. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் உள்ள எல்.எச்.சி. என்ற துகள் மோதல் இயந்திரத்தின் தரவுகளை அலசும் கிரிட்தான் இதில் பெரியது: நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 170 மையங்கள். மும்பை டி.ஐ.எஃப்.ஆர்., கொல்கத்தா வி.இ.சி.சி. ஆகிய இரண்டு ஆராய்ச்சி நிறுவனங்களும் அதில் உண்டு. தரவு பிரம்மாண்டமானது என்பதால், முடிந்தவரை தரவு இருக்கும் இடத்துக்கே ஜாபை அனுப்புகிறார்கள்.

கற்றுக்கொள்ள அவ்வளவு தூரம் போக வேண்டாம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1980களில் உருவான ‘காண்டோர்’, இப்போது ‘எச்.டி.காண்டோர்’ என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. யாரும் தொடாமல் இருக்கும் கணினிகளைக் கண்டுபிடித்து வேலை கொடுப்பதுதான் அதன் தொழில். உங்கள் கல்லூரிக் கணினி ஆய்வகம் மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்பட்டு மறுநாள் காலை வரை சும்மா கிடக்கும். துறைத் தலைவரிடம் முறையாக அனுமதி கேளுங்கள். நான்கு கணினிகளில் தொடங்குங்கள்.