ஊர்ப் பொதுநிலமும் மாநிலச் சின்னங்களும்

பள்ளிப் பிள்ளைகளின் பொது அறிவுப் புத்தகத்தில் சில வினாக்கள் தவறாமல் இடம்பெறும். தமிழ்நாட்டின் மாநில விலங்கு யாது? வரையாடு. பறவை? மரகதப்புறா. மரம் பனை, மலர் செங்காந்தள், கனி பலா, விளையாட்டு கபடி. பிள்ளைகள் இவற்றை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுகின்றனர். ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் இவ்வினாக்களைச் சற்று வேறு விதமாகக் கேட்டுப் பார்க்கவேண்டும் என்பது நம் கருத்து. அந்த மரம் நிற்பது எவருடைய நிலத்தில்? அந்த விளையாட்டு நடைபெறுவது எவ்விடத்தில்? ஏரிக்கரை, மந்தை, களத்துமேடு, மேய்க்கால் எனப் பதிவேட்டில் புறம்போக்கு என்று குறிக்கப்பட்ட இடங்களே பெரும்பாலும் இதற்கு விடையாக அமையும். அவ்விடங்கள் குறைந்தால் மாநிலச் சின்னங்கள் புத்தகத்தில் மட்டுமே எஞ்சும்.

வரையாடு இதற்கு விலக்கு. அது மலையுச்சிப் புல்வெளியில் வாழ்வது. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் 1,031 வரையாடுகளும், 2025இல் 1,303ம் காணப்பட்டன. இவ்விலங்கோடு சமவெளி உழவருக்கு என்ன உறவு என்று கேட்கலாம். அது மேயும் புல்வெளியும், இடையிடையே உள்ள சோலைக் காடுகளுமே மழைநீரை உறிஞ்சி வைத்துச் சிறுகச் சிறுக ஓடைகளில் விடுகின்றன. பொதிகை மலையிலிருந்து இறங்கும் தாமிரபரணியில் நீர் பாய்ச்சுவோருக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

மாநிலப் பறவையாகிய மரகதப்புறா காட்டு நிழலில் மறைந்து திரிவது. ஊரார் கண்ணில் எளிதில் படாது. ஆனால் ஊரார் தாமே முன்னின்று காத்த பறவைகளைக் காணவேண்டுமெனில் செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலுக்குச் செல்லவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளையர் படையினர் அவ்வேரியில் பறவைகளைச் சுட்டு வேட்டையாடினர். ஊரார் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டு, வேட்டைக்குத் தடை விதிக்கும் பத்திரம் ஒன்றைப் பெற்றனர். 1936இல் அரசு அவ்வேரியைச் சரணாலயமாக ஏற்றது. அதாவது, அரசு முன்வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஊர் முன்வந்துவிட்டது.

இதற்குக் காரணம் இரக்கம் மட்டுமன்று, கணக்கும் உண்டு. நத்தைகுத்தி நாரையும், கூழைக்கடாவும், நீர்க்காகமும் ஏரியிலுள்ள நீர்க்கடம்ப மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் நீரில் கரைகிறது; அந்நீர் மதகு வழியே வயலுக்குப் பாய்கிறது. விலையில்லா உரம் இது என்பதை அவ்வூர் உழவர் ஆராய்ச்சி நிலையம் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் பறவைகள் வீட்டுக் கொல்லை மரங்களிலும் கூடு கட்டும். அங்கும், சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியிலும் பறவைகள் மிரளாதிருக்கும்பொருட்டு ஊரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளுக்கு இது சிறிய தியாகமன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி விளையாட்டுக்கு வருவோம். சடுகுடு என நம் பாட்டனார் ஆடிய ஆட்டமே விதிகள் பெற்றுக் கபடி என்னும் பெயரில் நாடெங்கும் வழங்குகிறது. 1990ஆம் ஆண்டு பெய்ஜிங் நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அது முதன்முதலாகப் பதக்கத்திற்குரிய ஆட்டமாயிற்று. அன்று முதல் 2014 வரை ஏழு முறையும் ஆடவர் பிரிவில் இந்தியாவே தங்கம் வென்றது. 2018இல் ஈரான் அதைப் பறித்தது. 2023இல் ஹாங்சோவில் நடந்த போட்டியில் நாம் மீட்டோம். 1994இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் ஆடி, மறு ஆண்டு அர்ஜுனா விருது பெற்ற கணேசன், தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். அவ்வூரின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

இத்தகைய ஆட்டத்திற்கு எவ்வளவு நிலம் வேண்டும்? ஆடவர் ஆடுகளம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. பெண்களுக்கு 12க்கு 8. ஆடவர் களம் மூன்றேகால் சென்ட்டுக்குள் அடங்கும். விழுந்து எழுவோர்க்கும் பார்ப்போர்க்குமாக நாற்புறமும் 4 மீட்டர் விட்டாலும் பத்துச் சென்ட் நிறையாது. மட்டையும் வேண்டா, பந்தும் வேண்டா. இருந்தும் பல ஊர்களில் இளைஞர்கள் சாலையோரத்துச் சரளையில் ஆடி முழங்காலைத் தேய்த்துக்கொள்கின்றனர். பெண் பிள்ளைகளோ ஆடுவதே இல்லை. மந்தை எங்கே என்று கேட்டால், முன்பு இருந்தது என்பார்கள். ஒருவர் வைக்கோற்போர் போட்டார். மற்றொருவர் அதை ஒட்டிக் கொட்டகை கட்டினார். பத்தாண்டில் மந்தை சந்தாயிற்று. எவரும் தீய எண்ணத்தோடு செய்ததன்று, எவரும் தடுத்ததுமில்லை.

மேய்க்காலின் கதையும் இதுவே. மஞ்சுவிரட்டிற்கும் ஏறுதழுவலுக்கும் பேர்போன புலிக்குளம் மாடுகள் தொழுவத்தில் கட்டித் தீனியிட்டு வளர்ந்த இனமல்ல; மந்தையாக மேய்ந்து, இரவில் வயல்களில் கிடை அமர்ந்து, உரமும் தந்தவை. 2014இல் உச்ச நீதிமன்றம் தடுத்த ஜல்லிக்கட்டுக்கு 2017இல் நம் மாநிலம் சட்டத் திருத்தம் செய்தது; 2023இல் நீதிமன்றமும் அதனை ஏற்றது. வாடிவாசல் திறந்துவிட்டது. ஆனால் மேய்ச்சல் நிலமின்றிக் காளை எங்கிருந்து வரும்?

செங்காந்தளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வேலியோரத்தில் தானே படரும் இக்கொடியின் கிழங்கு கலப்பை போன்றிருப்பதால் கலப்பைக் கிழங்கு என்பர். மூலனூர், தாராபுரம் வட்டாரங்களில் மருந்துக்கான விதைக்காக இதனைப் பயிரிடுகின்றனர். கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. பிள்ளைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாமல் வைக்கவேண்டும்.

மேய்ச்சல் தரை, களம், தோப்பு ஆகிய புறம்போக்குகளைப் பேணும் பொறுப்பை 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் ஊராட்சியிடமே ஒப்படைத்துள்ளது. ஆகவே அடுத்த கிராம சபைக்கு முன்பாகக் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள பதிவேட்டையும் புலப்படத்தையும் வைத்துக்கொண்டு, உறுப்பினர்கள் ஊரை ஒருமுறை நடந்து அளந்து பார்க்கலாம். ஊர்ப் பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்வது நலம். பழைய எல்லைக் கல் எங்கே புதைந்தது என்பது அவருக்கே தெரியும். ஆடுகளத்திற்கு இடம் அகப்பட்டால் கல்லும் முள்ளும் பொறுக்கி, மண்ணைக் கொத்தி, சலித்த மண் பரப்பினால் போதும். ஏரியின் உட்பகுதியில் மட்டும் களம் அமைக்கலாகாது; நீருக்குரிய இடத்தை ஆட்டத்திற்கு எடுப்பதும் ஆக்கிரமிப்பே.

பனை விதைப்பதானால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, புரட்டாசியில், கரையின் வெளிச்சரிவில் பத்தடிக்கு ஒன்றாக ஊன்றவேண்டும். முளை முதலில் கீழ்நோக்கியே இறங்குமாதலால் பல மாதம் மண்ணின்மேல் ஒன்றும் தெரியாது. விதை வீணாயிற்று என்று எவரும் தோண்டிப் பார்க்கவேண்டா. ஆண்பனையா பெண்பனையா என்பது பாளை விடும்போதுதான் தெரியும். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும்.