செயற்கைக்கோளுக்குத் தெரியாத கரை

கேள்வி: செயற்கைக்கோள் படத்தில் எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரிகிறது. அப்படியிருக்க, சென்னைக் குப்பங்களில் மீனவர்களே ஜிபிஎஸ் கருவியோடு கரையை நடந்து வரைபடம் தயாரிப்பது ஏன்?
– ஒரு வாசகி, திருவான்மியூர்

பதில்: நல்ல இடத்தில் கைவைத்திருக்கிறீர்கள் அம்மா. அரசுப் படத்தைவிடத் துல்லியமான படம் வேண்டித்தான் இந்த வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். கையடக்க ஜிபிஎஸ் சில மீட்டர் முன்னே பின்னே காட்டும். அளவுத் துல்லியம் அதன் பலமே அல்ல. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது.

மேலிருந்து எடுத்த படத்தில் பொருள் தெரியும், புழக்கம் தெரியாது. ஊரூர் குப்பம் போன்ற ஒரு கரையை எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுத்த நேரத்தில் வெறும் மணலாகக் கிடக்கும் இடத்தில்தான் விடியலில் படகு ஏறும். வலையிலிருந்து மீன் கழற்றுவார்கள், கிழிசல் தைப்பார்கள். சற்றுத் தள்ளிப் பெண்கள் கருவாடு காயவைப்பார்கள். கரைவலைக்கு, அதாவது கடலில் வளைத்துப் போட்ட வலையை இரு முனையிலும் கரையில் நின்று இழுப்பதற்கு, நீளமான திறந்த மணல் வேண்டும். கடல் கரையை அரிக்கும் மாதங்களில் படகுகளை மேலே தள்ளிவைக்க இடம் வேண்டும். மற்ற மாதங்களில் அந்த இடம் காலியாகத்தான் கிடக்கும்.

வருவாய்த்துறைக் கணக்கில் இத்தகைய நிலம் பெரும்பாலும் புறம்போக்கு, அதாவது தனியார் பட்டா இல்லாத நிலம். படத்தில் காலி, கணக்கிலும் உரியவர் இல்லை என்றால், திட்டம் போடுகிறவர் அங்கே சாலை வரைந்துவிடுவார். 2023 ஏப்ரலில் மெரினா லூப் சாலையில் மீன்கடைகள் அகற்றப்பட்டபோது அந்தச் சாலையோர மீனவர் ஊரான நொச்சிக்குப்பம் மக்களின் வாதம் இதுதான்: சாலையே எங்கள் கரைமீது வந்தது, நாங்கள் எப்படி ஆக்கிரமிப்பாளர் ஆவோம்?

சட்டம் இதை யோசித்திருக்கிறது. கடலோரத்தில் எங்கே என்ன கட்டலாம் என்று விதித்த 2011-ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவ கிராமங்களையும் அவர்களின் பொது இடங்களையும் மீன் உலர்த்தும் களங்களையும் உள்ளூர் வரைபடங்களில் குறிக்கச் சொன்னது. அவை எங்கே என்று கரையில் பிழைப்பவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே அவர்கள் நடந்து, ஒவ்வோர் இடத்திலும் யார், எந்தப் பருவத்தில், எதற்குப் புழங்குகிறார்கள் என்று பதிகிறார்கள்.

யார் நடக்கிறார்கள் என்பது முக்கியம். படகு வைத்திருப்பவர்கள் மட்டும் நடந்தால் கருவாட்டுக் களம் விட்டுப்போகும். மீனவர்கள் மட்டும் நடந்தால், பக்கத்துத் தெருக் குழந்தைகளும் முதியவர்களும் கடலுக்கு வரும் வழி விட்டுப்போகும். எல்லோரும் குறித்த படத்தில்தான் கரை எல்லோருக்கும் பொதுவாகும்.

படம் வரைந்தாலே உரிமை வந்துவிடாது. அதைப் புல எண்களோடு, அதாவது நில அளவைத் துறை ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தந்த எண்களோடு, பொருத்த வேண்டும். ஊர்க்கூட்டத்தில் சரிபார்த்து, கடலோர விதிகளின்படி அரசு தயாரிக்கும் கடலோர மேலாண்மைத் திட்டத்தின் வரைவு மக்கள் கருத்துக்கு வரும்போது எழுத்துமூலம் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு 'காலி நிலம்' என்று எழுத நினைக்கும் அதிகாரியிடம் காரணம் கேட்கலாம்.

உங்கள் திருவான்மியூரிலும் தொடங்கலாம். கடலுக்குப் போகும் சந்துகளில் எது திறந்திருக்கிறது, எதில் கேட் போட்டிருக்கிறது, எதில் சக்கர நாற்காலி போகும் என்று அக்கம்பக்கத்தாரோடு நடந்து குறியுங்கள். அடுத்த கருத்துக் கேட்புக்கு அந்தப் படத்தையும் கொண்டுபோகலாம்.