வாடகை பேசியாச்சு, கூலி யாருடையது?

லாரி வாடகையில் ஐந்நூறு ரூபாய் குறைக்க அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிற வியாபாரி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி யார் பொறுப்பு என்று கேட்பதில்லை. வண்டி கடை வாசலில் நின்ற பிறகுதான் தகராறு. 'ஜிஸ்கா மால், உஸ்கா ஹமால்' என்பது வடக்கே லாரிக்காரர்களின் கோஷம்: சரக்கு யாருடையதோ சுமைகூலியும் அவருடையதே. நியாயம்தான். ஆனால் சரக்கு அனுப்பியவருடையதா, வாங்கியவருடையதா? அதை புக்கிங்கின்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

பத்துப் பதினைந்து பண்டல் என்றால் பார்சல் சர்வீஸ் போதும். எல்.ஆர். ரசீதில் வாடகையோடு 'ஹமாலி' என்றொரு தொகை இருக்கும். அது அவர்கள் ஆபீஸில் ஏற்றி இறக்குவதற்கு மட்டும். குடோன் டெலிவரி மலிவாகத் தெரியும். அங்கிருந்து குட்டியானை பிடித்து, மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கும் கூலியையும் கூட்டிப் பாருங்கள். பல நேரம் டோர் டெலிவரியே லாபம். அதிலும் வாசலோடு சரி, மாடிக்கு ஏற்றத் தனிப்பேச்சு.

முழு லோடு என்றால் கூலியை எந்தக் கணக்கில் பேசுவது என்பதே பெரிய விஷயம். 10 டன் அரிசி 50 கிலோ மூட்டையாக வந்தால் 200 மூட்டை. 25 கிலோ வரையிலான லேபிள் பைகளுக்கு 2022 ஜூலையில் 5 சதவீத ஜிஎஸ்டி வந்தபின் 26 கிலோ பைகள் பெருகிவிட்டன. அதே 10 டன் இப்போது சுமார் 385 பை. மூட்டைக்கு இவ்வளவு என்ற பழைய ரேட்டையே பைக்கும் ஒப்புக்கொண்டால் கூலி ஏறக்குறைய இரட்டிப்பு. சின்னப் பைக்கு டன் கணக்கு நல்லது. பஞ்சு, பிளாஸ்டிக் சாமான் போல எடையில்லாமல் இடத்தை அடைக்கும் சரக்குக்கு டன் கணக்கில் எந்த ஆளும் வரமாட்டார்; உருப்படிக் கணக்குதான். மொத்தமாகப் பேசுவதானால் அட்டி போடுவதும் சேர்த்தியா, லாரியிலிருந்து குடோன் எத்தனை தூரம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாதி இறக்கியபின் பேரம் பேசினால் தோற்பது நீங்கள்தான்.

மார்க்கெட்டில் சங்கத்து ஆட்களா, சொந்தக் கடைப் பையன்களா? தினம் லோடு வருகிற கடைக்குச் சங்கத்து ஆட்கள்தான் என் தேர்வு. ரேட் கொஞ்சம் கூடுதல், ஆனால் வேலை ஓடும். மூன்று பையன்களை வைத்து மிச்சம் பிடிக்கப்போய் வண்டி மறுநாள் வரை நின்றால், ஹால்ட்டிங் சார்ஜ் அந்த மிச்சத்தை விழுங்கிவிடும்.

கேரளத்துக்கு அனுப்புகிறவர்கள் தனியாக விசாரிக்க வேண்டும். அங்கே சுமைத் தொழிலாளர்களுக்கென்றே 1978-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. பகுதிவாரியாக ரேட் அட்டவணையும் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி விலையில் சேர்த்துக்கொள்ளலாம். சுமக்காமல் பார்த்து நின்றதற்குக் கேட்கும் நோக்குகூலியை அந்த மாநில அரசே 2018 மே 1 முதல் தடை செய்துவிட்டது. அதைக் கொடுக்க வேண்டியதில்லை.