மேலிருந்து காணும் பூமி

தொலைக்காட்சிப் பெட்டி வீட்டுக்குள் வரலாமா, கூடாதா என்று நம்மவர்கள் வாதாடிய காலம் போய்விட்டது. பெட்டி வந்தது, பிறகு அது சுருங்கிச் சட்டைப்பைக்குள்ளும் புகுந்துகொண்டது. எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்பதே இனி நம் இல்லங்களில் பேச வேண்டிய பேச்சு. பார்க்கத் தகுந்தவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைப் பார்க்கும் முறையை இம்மாதப் பாடமாக வைத்துக்கொள்வோம்.

ஒரு நாட்டின் மலை, ஆறு, வயல், கடற்கரை யாவற்றையும் ஆகாயத்திலிருந்தே படம்பிடித்துக் காட்டும் தொடர்கள் இப்போது பல வருகின்றன. நம் நாட்டைப் பற்றி ‘இந்தியா ஃப்ரம் அபவ்’ என்ற இரண்டு பகுதித் தொடர் 2020 ஆகஸ்டில் நேஷனல் ஜியோகிராஃபிக் தொலைக்காட்சியில் வந்தது. ஆபாசமில்லை, சண்டையில்லை, பாட்டியும் பேரனும் ஒன்றாக அமர்ந்து பார்க்கலாம். இத்தகைய படங்களால் ஆகும் நன்மை பெரிது. புவனகிரிப் பாலத்தின் மேல் நிற்பவருக்கு வெள்ளாறு என்பது இரண்டு கரையும் நடுவில் கொஞ்சம் மணலும்தான். மேலே ஏறினால், சேலத்துப் பக்கத்து மலைகளில் விழுந்த மழை சேத்தியாத்தோப்பு அணையைக் கடந்து, நம் ஊரைத் தொட்டுக்கொண்டு, பரங்கிப்பேட்டையில் கடலில் சேரும் வரை ஒரே நீராக ஓடுவது தெரியும். மேல்மடைக்காரர் செய்வது கடைமடைக்காரரை எப்படி வந்தடைகிறது என்பதைச் சொல்லி விளங்கவைக்க வேண்டியதில்லை, கண்ணே கண்டுகொள்ளும்.

தைவான் நாட்டில் சி போலின் என்பவர் அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டு, தம் தீவை முழுக்க முழுக்க வானிலிருந்து எடுத்த படம் 2013இல் வெளிவந்தது. அழகை மட்டும் அவர் காட்டவில்லை. வெட்டப்பட்ட மலைகளையும் கழிவு கலந்து நிறம் மாறிய நீரையும் சேர்த்தே காட்டினார். தினமும் அவற்றின் பக்கத்தில் வாழ்ந்தவர்களே திடுக்கிட்டார்கள். அடுத்த படத்துக்கான வேலையின்போது, 2017 ஜூன் 10 அன்று ஹெலிகாப்டர் விழுந்து அவர் இறந்தார்.

உயரே போனால்தான் இப்படிப் பார்க்க முடியும் என்று எண்ணிவிடவும் கூடாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டைப் பற்றி எழுதிய அறிஞர் அல்பீரூனி, ஆற்றுக் கற்களைக் கவனித்தார். மலையடிவாரத்தில் பெரிய உருண்டைக் கற்கள், தள்ளிப் போகப் போகச் சிறியவை, ஆற்று முகத்தில் வெறும் மணல். இதைக்கொண்டு, வட இந்தியச் சமவெளி ஒரு காலத்தில் கடலாக இருந்து ஆற்று வண்டலால் தூர்ந்தது என்று முடிவு கட்டினார். ஒரு கைப்பிடிக் கல்லில் ஒரு தேசத்தையே கண்ட கண் அது.

இனி, இந்தப் படங்களில் உள்ள குறையையும் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் எல்லாமே அழகாகிவிடும். நியூ கலிடோனியா தீவில், வோ என்னும் ஊரருகே சதுப்புக் காட்டின் நடுவே இதய வடிவில் ஒரு திட்டு இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் யான் ஆர்த்துஸ் பெர்த்ராந் வானிலிருந்து எடுத்த அதன் படம் உலகமெல்லாம் பரவியது. பார்த்தவர்கள் அதில் அன்பைக் கண்டார்கள். உண்மையில் அது உப்பு மிகுந்துபோய் மரம் முளைக்காத வெற்று நிலம்.

இதே கதை நமக்கு மிக அருகில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரத்தில் நடந்திருக்கிறது. 1970களுக்கு முன்பு அங்கே சுரபுன்னைக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டினார்கள். வெயில் பட்ட சேற்று நிலம் காய்ந்து, நடுவில் தாழ்ந்து, தாம்பாளம்போல் குழிந்தது. ஓதத்தில் ஏறிய கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கி வற்ற, உப்பு மட்டும் மிஞ்சியது, மரம் பட்டது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையும் கிராமத்து மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, நீர் வந்து போக வழி செய்தபின் காடு திரும்ப வளர்ந்தது. வானிலிருந்து அந்த மீன்முள் கோடுகள் சித்திரம்போல் தெரியும். ஆனால் நிலம் குழிந்தது தெரியாது. அதைக் கண்டுபிடிக்கச் சேற்றில் இறங்க வேண்டியிருந்தது.

உயரத்திலிருந்து பார்க்கும்போது முதலில் மறைவது உயரம்தான். மேடும் பள்ளமும் தட்டையாகிவிடும். இது சின்ன விஷயமன்று. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமிக்குப் பிறகு, பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரியல் ஆய்வாளர்கள் இந்தக் கரையில் 18 குப்பங்களை ஆராய்ந்து, காடு இருந்த இடங்களில் சேதம் குறைவு என்று 2005இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள், அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்து, ஊர் இருக்கும் மேடும் கடலிலிருந்து உள்ள தூரமுமே பெரிய காரணம், காட்டின் பங்கு சொற்பம் என்று மறுத்தார்கள். மேலிருந்து எடுத்த படத்தில் காடு பச்சையாகத் தெரியும். ஓர் ஊர் இரண்டு ஆள் உயரம் மேட்டில் இருப்பது தெரியவே தெரியாது. உயிர் பிழைப்பதும் பிழையாததும் அந்த மேட்டில் இருந்திருக்கக்கூடும்.

அல்காஷியா அத்தியாயத்தில் மனிதன் பார்க்கும்படி ஏவப்படுகிற பொருள்களின் வரிசையை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். முதலில் ஒட்டகம். அதன் பிறகே வானம், மலை, பூமி. அரபியின் வாசலில் படுத்திருக்கும் பிராணியிலிருந்து பார்வை தொடங்குகிறது.

ஆகவே இத்தகைய தொடரைப் பார்க்கும் வீட்டில் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளலாம். இஷாவுக்குப் பின் ஒரு பகுதி போதும். விடிய விடியப் பார்த்தால் சுப்ஹு போகும், பார்த்ததும் மனதில் நிற்காது. பின்னணி இசையைக் குறைத்துவிடுங்கள். மெய்மறக்கச் செய்வதில் பாதி வேலை அதனுடையது. ஏதேனும் ஓர் இடத்தில் படத்தை நிறுத்தி, “இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இந்த வெள்ளைத் திட்டு ஏன் வெறுமையாக இருக்கிறது? இங்கே இருப்பவர்கள் குடிதண்ணீருக்கு எங்கே போவார்கள்?” என்று கேளுங்கள். பிள்ளைக்குப் பதில் தெரியாவிட்டால் தாழ்வில்லை, அத்தாவுக்கும் தெரியாதுதான்.

பிறகு ஒரு விடுமுறை நாளில் பிச்சாவரத்துக்கு அழைத்துப் போங்கள். படகு ஏறினால் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், வாய்க்கால் ஒன்றின் வாயில் சற்று நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். ஓதம் ஏறும் நேரமாக இருந்தால், தண்ணீர் வேர்களுக்கிடையே மெல்ல உள்ளே போவதைப் பிள்ளைகள் கை வைத்துப் பார்க்கலாம்.