பதிவும் புதுப்பித்தலும்
(வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை குறித்து ஒரு விளக்கம்)

வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி வட்டாரத்து நம் ஊர்களுக்குச் சென்றுவரும் பொழுதெல்லாம், படித்துப் பட்டம் பெற்றும் பணி கிடைக்கப்பெறாத பிள்ளைகளைக் காண்கின்றோம். அவர்தம் பெற்றோரிடம், "வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு என்னவாயிற்று?" என்று நாம் வினவுவது வழக்கம். "எப்போதோ பதிந்தான் டீச்சர், அட்டை எங்கேயோ இருக்கும்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. அந்த "எங்கேயோ" என்னும் சொல்லே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று. தமிழக அரசு வேலையற்ற இளைஞர்களுக்கு வழங்கிவரும் உதவித்தொகையைப் பெறுவோர் யாவர், பெறவியலாதோர் யாவர், அதற்கு விண்ணப்பிக்கும் முறை யாது என்பவற்றை இங்கு விளக்க விழைகின்றோம்.

முதற்கண் நம் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லிவிடுதல் நலம். நாம் ஆசிரியப் பயிற்சி முடித்து 1972-ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்தோம். அந்நாளில் பதிவு மூப்பின்படியே ஆசிரியர்க்கு அழைப்பு வரும். வாசலில் தபால்காரரின் மிதிவண்டி மணி கேட்டால் நெஞ்சு படபடக்கும். சில ஆண்டுகள் காத்திருந்து பணியும் பெற்றோம். நம் தங்கையும் அதே பயிற்சி முடித்துப் பதிவு செய்தாள். பின்னர் மணம் முடிந்து வேறு மாவட்டம் சென்றாள். அவளுடைய அட்டை நம் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிட்டது. உரிய மாதத்தில் அதனைப் புதுப்பித்து அனுப்புவதாக ஏற்றுக்கொண்டவர் நாம். பள்ளித் தேர்வுப் பணிகளுக்கிடையே மறந்தே போனோம். நினைவு வந்தபொழுது பதிவு காலாவதியாகியிருந்தது. மூப்பு போயிற்று, புதிதாகப் பதிந்து வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியதாயிற்று. அவளுடன் பயின்ற தோழியர் பலர் பணிக்குச் சென்றனர். அவள் இறுதிவரை செல்லவில்லை. இன்றளவும் அவள் அதனைச் சொல்லிக் காட்டியதில்லை. ஆயினும் புதுப்பித்தல் என்னும் சொல்லைக் கேட்குந்தோறும் நமக்கு அந்த அலமாரிதான் நினைவுக்கு வருகின்றது.

இவ்வலுவலகங்கள் தோன்றிய வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்வோம். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றி விடுவிக்கப்பெற்ற வீரர்களுக்கு மறுவாழ்வு தேடித்தரும் பொருட்டு 1945-ஆம் ஆண்டு இவை ஏற்படுத்தப்பட்டன. 1948-இல் வேலை தேடுவோர் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன. 1956 நவம்பர் முதல் நாள் இவற்றின் அன்றாட நிருவாகம் மாநில அரசுகளின் கைக்கு வந்தது. பணியிடம் நிரப்புவோர் வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலை மட்டும் நம்பியிராமல் செய்தித்தாள் விளம்பரம் முதலியவற்றின் வாயிலாகவும் விண்ணப்பம் பெற வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அதன்பின் போட்டித் தேர்வுகளே பெருகின. "இனிப் பதிந்து என்ன பயன்?" என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றியதும் அதனால்தான். அந்த எண்ணத்தில் பாதி உண்மையும் உண்டு. ஆனால் உதவித்தொகைக்கு அடிப்படை அப்பதிவேயாகும். பதிவின்றித் தொகையில்லை, அதுவும் இடையறாத பதிவின்றித் தொகையில்லை.

தொகை எவ்வளவு என்பதனைக் காண்போம். பத்தாம் வகுப்புத் தேர்வெழுதித் தோல்வியுற்றோர்க்கு மாதம் ரூ. 200, தேர்ச்சி பெற்றோர்க்கு ரூ. 300, மேல்நிலைக் கல்வி தேறியோர்க்கு ரூ. 400, பட்டதாரிகளுக்கு ரூ. 600 என மூன்று ஆண்டுகளுக்கு வழங்கப்படும். பட்டதாரி ஒருவர் மூன்றாண்டு முழுவதும் பெற்றால் ரூ. 21,600 ஆகின்றது. இக்காலத்தில் இஃது ஒரு குடும்பத்தைத் தாங்கும் தொகையன்று. அவ்வாறு எவரேனும் கூறினால் நாம் ஒப்புக்கொள்ளோம். விலைவாசிக்கேற்ப அரசு இதனை உயர்த்துதல் வேண்டும் என்பதே நம் கருத்து. எனினும் தேர்வுக் கட்டணம், பேருந்துச் செலவு, பழைய வினாத்தாள் நூல்கள் ஆகியவற்றுக்குத் தந்தையிடம் கையேந்தாதிருக்க ஓர் இளைஞனுக்கு மாதம் அறுநூறு ரூபாய் போதுமானதே.

இனித் தகுதி. விண்ணப்பிப்பவர் தமிழகத்தில் கல்வி பயின்று இம்மாநிலத்தில் வசிப்பவராதல் வேண்டும். வயது, பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் 45-க்குள்ளும், ஏனையோர்க்கு 40-க்குள்ளும் இருத்தல் வேண்டும். நம் குடும்பத்தார்க்குப் பொருந்துவது 40 என்க. குடும்ப ஆண்டு வருமானம் ரூ. 72,000-க்கு மேற்படலாகாது. அதாவது வீட்டிலுள்ளோர் அனைவருக்குமாக மாதம் ரூ. 6,000. அரசுப் பணியிலோ தனியார் பணியிலோ ஊதியம் பெறுவோரும் சுயதொழில் செய்வோரும் இதனைப் பெறவியலாது. பள்ளி, கல்லூரிகளில் நாள்தோறும் சென்று பயில்வோர்க்கும் கிடையாது. ஆயின் அஞ்சல் வழியிலும் தொலைநிலைக் கல்வியிலும் பயில்வோர்க்குத் தடையில்லை. பொறியியல், மருத்துவம், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்பட்டம் பெற்றோர் இத்திட்டத்தில் சேரார். இன்று வீட்டுக்கொரு பொறியாளர் இருக்கும் நிலையில் இவ்விதி பலருக்கு ஏமாற்றமளிக்கக்கூடும். அவ்விளைஞர்க்காக வீணே அலைய வேண்டாம் என்பதற்காகவே இதனை இங்குக் குறித்தோம்.

எல்லாவற்றினும் தலையாய விதி ஒன்றுண்டு. கல்வித் தகுதியைப் பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் முழுமையாக முடிந்திருத்தல் வேண்டும். அவ்வைந்தாண்டும் பதிவு உயிருடன் இருந்திருத்தல் வேண்டும். பதிவையோ மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். இவ்விரண்டு எண்களையும் சேர்த்துப் பார்ப்போர் சிலரே. வகுப்பறையில் செய்வது போல் ஒரு கணக்கு எழுதிப் பார்ப்போம். ஒரு பெண் தன் பட்டத்தை 2021 ஜூன் மாதத்தில் பதிவு செய்கின்றாள் எனக் கொள்வோம். முதற் புதுப்பித்தல் 2024 ஜூன். ஐந்தாண்டு நிறைவது 2026 ஜூன். அதன்பின் விண்ணப்பித்துத் தொகை பெறத் தொடங்கினால், பெற்றுக்கொண்டிருக்கும்பொழுதே 2027 ஜூன் மாதத்தில் மீண்டும் புதுப்பித்தல் வந்துவிடும். புதுப்பிக்காமல் பதிவு காலாவதியாகிவிட்டால் அதுவரை கடந்த ஆண்டுகள் வீண். புதிதாகப் பதிந்து மீண்டும் ஐந்தாண்டு காத்திருத்தல் வேண்டும். அதற்குள் வயது வரம்பைக் கடந்துவிடுவோரும் உண்டு. தவறியோர்க்கு அரசு அவ்வப்பொழுது சிறப்பு ஆணையின் வாயிலாகச் சலுகை அளித்ததுண்டு. அவ்வாறு அறிவிப்பு வருமாயின் அதனைப் பயன்படுத்திக்கொள்க; ஆனால் வரும் வரும் என்று நம்பிப் புதுப்பிக்காதிருத்தல் அறியாமையாகும்.

பெற்றோர் பலர் அறியாத செய்தி ஒன்று. பள்ளியில் மதிப்பெண் சான்று வழங்கும்பொழுதே ஆசிரியர்கள் இணையதளம் வாயிலாக மாணவர்களின் பெயரை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து தரும் ஏற்பாடு நடந்து வந்துள்ளது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பத்தாம் வகுப்பில் பதினைந்து வயதில் பதிந்த பிள்ளைக்குப் பதினெட்டு வயதில், கல்லூரியில் கால் வைத்த புதிதில், புதுப்பிக்கும் மாதம் வருகின்றது. அவ்வேளையில் அதனை நினைவில் வைத்திருக்கும் பிள்ளை எத்தனை பேர்? தனக்குப் பதிவு இருப்பதையே அறியாமல் அதனை இழந்தோரையும் நாம் கண்டிருக்கின்றோம். ஆதலின் இவ்விதழைப் படிப்போர் உடனே பிள்ளைகளின் பதிவு எண்ணையும் நாளையும் தேடி எடுத்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். மேல்நிலைக் கல்வி, பட்டம் ஆகியவற்றை முடித்தவுடன் கூடுதல் தகுதியாகப் பதிந்துவிடுதல் வேண்டும். மணமாகி வேறு மாவட்டம் செல்லும் பெண்கள் பதிவையும் அம்மாவட்டத்திற்கு மாற்றிக்கொள்ளலாம். பிறந்த வீட்டு அலமாரியில் விட்டுச் செல்லற்க.

விண்ணப்பிக்கும் முறை கடினமன்று. படிவத்தை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் விலையின்றிப் பெறலாம். துறையின் இணையதளத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். வருமானம் குறித்த பகுதியில் வருவாய்த் துறையினரின் சான்று பெறுதல் வேண்டும். பின்னர்க் கல்விச் சான்றுகளின் மூலப்படிகள், மாற்றுச் சான்றிதழ், வேலைவாய்ப்பு அடையாள அட்டை, குடும்ப அட்டை, ஆதார் அட்டை, விண்ணப்பதாரர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றுடன் நேரிற் செல்ல வேண்டும். மாற்றுச் சான்றிதழ்தான் பெரும்பாலோர்க்குக் கிடைப்பதில்லை. பள்ளியில் வாங்காமலே விட்டிருப்பர் அல்லது எங்கோ கொடுத்துத் திரும்பப் பெற்றிரார். ஆகவே அதனை முதலில் தேடுக. விண்ணப்பங்கள் காலாண்டுதோறும் பெறப்படும். மூன்று மாதத் தொகை சேர்த்து வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும். தொகை பெறுவதனால் பதிவு நீக்கப்படுமோ என்று அஞ்சுவோர் உண்டு. அவ்வாறு நீக்கப்படுவதில்லை, பணி அழைப்புக்குரிய வாய்ப்பும் அவ்வாறே தொடரும்.

தொகை பெறுவோர் ஆண்டுதோறும் தாம் பணியில் இல்லை என்று சுய உறுதிமொழி ஆவணம் அளித்தல் வேண்டும். அளிக்கத் தவறினால் தொகை நின்றுவிடும். இவ்விடத்தில் நாம் கண்டிப்புடன் ஒன்று கூற வேண்டியுள்ளது. பையன் நகரத்துக் கடையொன்றில் சம்பளத்திற்கு நிற்க, வீட்டிலிருப்பதாக எழுதிக் கையொப்பமிடுதல் பொய்யாகும். தொகை சிறிதென்பதால் பொய் சிறிதாகிவிடாது. பணி கிடைத்த அன்றே அலுவலகத்திற்குத் தெரிவித்துவிடுக.

இதற்கு நேர்மாறான தயக்கமும் நம்மவரிடையே உண்டு. "கொடுத்துப் பழகிய குடும்பம், அரசாங்கத்திடம் போய் நிற்பதா?" என்று பெரியவர் ஒருவர் நம்மிடமே கேட்டார். துணி முதலாக நாம் வாங்கும் பல பொருள்களின் விலையில் வரியும் அடங்கியிருக்கின்றதன்றோ? அவ்வாறு சேர்ந்த பொதுப் பணத்திலிருந்து சட்டப்படி தகுதியுடையோர்க்கு ஒதுக்கிய பங்கு இது. இதனை இரவல் என்றோ இரத்தல் என்றோ கருதுதல் பொருந்தாது என்றோம். அவர் விடையிறுக்கவில்லை, ஆனால் மறுவாரம் பேரனை அனுப்பி வைத்தார்.

இதுவரை கூறியது பணியே கிடைக்காதோர்க்கு. பணியிலிருந்து அதனை இழந்தோர்க்குரிய வழி வேறு. தொழிலாளர் அரசு ஈட்டுறுதிக் கழகத்தில் காப்பீடு செய்யப்பெற்ற தொழிலாளர் வேலை இழந்தால் உதவும் திட்டம் ஒன்று 2018 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் சராசரி நாள் ஊதியத்தில் நான்கிலொரு பங்காக இருந்த உதவி, 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் பாதியாக உயர்த்தப்பட்டது. 90 நாள் வரை என்பது வரையறை. இது குறிப்பிட்ட காலத்திற்கென நீட்டிக்கப்பட்டு வந்த திட்டமாதலின், வேலையிழந்தவர் காலந்தாழ்த்தாது கழகத்தின் கிளை அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான விதிகளை இறுதியிற் சொல்ல எண்ணினோம். உண்மையில் அவையே மிகுதியும் கவனிக்கத்தக்கவை. அவர்கள் பதிவு செய்து ஓராண்டு முடிந்திருந்தால் போதும். வயது வரம்பு இல்லை. வருமான வரம்பும் இல்லை. பத்தாம் வகுப்பு வரை பயின்றோர்க்கு மாதம் ரூ. 600, மேல்நிலைக் கல்விக்கு ரூ. 750, பட்டத்திற்கு ரூ. 1,000 எனப் பத்தாண்டுகள் வரை வழங்கப்படும். வேறு மாத உதவித்தொகை பெற்று வருவோர் அதனை மறையாது கூறித் தம் நிலையை அலுவலகத்தாரிடம் தெளிவு செய்துகொள்க.

நம் தெருவிற்கு அடுத்த தெருவில், இளம் வயதிலேயே கால் பாதிக்கப்பட்ட ஒருவர் இருக்கின்றார். மேல்நிலைக் கல்வி தேறியவர். வயது முப்பத்து நான்கு. அவர் தாயார் நம்மிடம் பயின்றவர். பள்ளி முடித்துப் பதினாறு ஆண்டுகளாகியும் அவர் பெயர் எங்கும் பதியப்படவில்லை. "இவனை அங்கெல்லாம் கூட்டிக்கொண்டு போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் டீச்சர்?" என்றார் தாயார். நாமே உடன் வருவதாகக் கூறி, 2023 ஆகஸ்டு மாதத்தில் மூவருமாகப் பேருந்தில் சென்று பதிவு செய்து வந்தோம். நாலு பேர் ஒன்றும் சொல்லவில்லை; பேருந்தில் ஒருவர் எழுந்து இடம்தான் கொடுத்தார். ஓராண்டு கழித்து விண்ணப்பம் அளித்தார். முதல் தொகை வரவான அன்று வங்கிப் புத்தகத்தை நம்மிடம் கொண்டுவந்து காட்டினார். அதன் உட்பக்க அட்டையில் அவரே சிவப்பு மையினால் எழுதியிருந்தார்: "புதுப்பித்தல் - 2026 ஆகஸ்டு."