கிழக்கே கறுத்தால்… மேகமும் வானிலை அறிக்கையும்



ஐப்பசி பிறந்துவிட்டால் நம் கேன்டீனில் அடிபடும் முதல் கேள்வி, "நாளைக்கு லீவு விடுவாங்களா?" என்பதுதான். ஆனால் புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடி பக்கம் குடியிருக்கும் எங்களுக்குக் கேள்வி வேறு: "ராத்திரி தண்ணி உள்ள வருமா?" இந்தக் கேள்விக்குப் பாதி பதிலை வானிலை அறிக்கை சொல்லும். மீதியை மேகம் சொல்லும். இரண்டையும் படித்துப் புரிந்துகொள்வது எப்படி என்று நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

மேகம் எப்படிப் பிறக்கிறது?

சைக்கிள் டியூபின் வால்வைத் திறந்து விடுங்கள். வெளியே வரும் காற்று சில்லென்று இருக்கும். அழுத்தம் குறைந்தால் காற்று விரியும், விரிந்தால் குளிரும். வானத்தில் நடப்பதும் இதே கதைதான். மேலே போகப் போக அழுத்தம் குறைவதால், மேலெழும் காற்று கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி வீதம் குளிர்கிறது. பனிநிலை என்னும் வெப்பநிலையை எட்டியதும், அதிலுள்ள நீராவி கடல் உப்புத் துகள், தூசு, புகை ஆகியவற்றின் மேல் படிந்து நீர்த்துளியாகிறது. அதுவே மேகம்.

ஒரு சின்னக் கணக்கு. காற்றின் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை 125-ஆல் பெருக்கினால், மேகத்தின் அடிமட்ட உயரம் ஏறத்தாழ மீட்டரில் கிடைக்கும். காற்று 28 டிகிரி, பனிநிலை 24 டிகிரி என்றால் 4 × 125 = 500 மீட்டர். மழைக்காலத்தில் மேகம் தலைக்கு மேலே இவ்வளவு தாழ்வாக ஓடுவதற்கு இதுவே காரணம்.

நான்கு மேகங்கள்

1802-ல் லண்டனைச் சேர்ந்த லூக் ஹோவர்ட் என்னும் மருந்து தயாரிப்பாளர் மேகங்களை வகைப்படுத்தி லத்தீன் பெயர் வைத்தார். இன்றும் உலகம் அந்த அடிப்படையில்தான் மேகங்களை அழைக்கிறது. நமக்கு நான்கு தெரிந்தால் போதும்.

சிர்ரஸ் எனும் கீற்று மேகம்: சுமார் 6 கிலோமீட்டருக்கு மேலே, பனிப்படிகங்களால் ஆனது. கோழி இறகு போல இருக்கும். இது நம்மை நனைக்காது.

ஸ்ட்ராட்டஸ் எனும் படை மேகம்: போர்வை விரித்தது போலச் சாம்பல் நிறத்தில் பரவி நிற்கும். தூறலோடு சரி. மார்கழி, தை மாத இரவுகளில் வானம் தெளிவாக இருந்தால் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து மூடுபனியாகும். தரையைத் தொட்டு நிற்கும் படை மேகம் என்றே இதைச் சொல்லலாம். இதோடு போகிப் புகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 2018 ஜனவரி 13 போகியன்று சென்னையில் விமானப் போக்குவரத்தே தடைப்பட்டது.

குமுலஸ் எனும் திரள் மேகம்: பஞ்சு மூட்டை போல, அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். வடகிழக்குக் காற்றோடு கடலிலிருந்து வரிசையாக வரும். "சடசட"வெனப் பத்து நிமிஷம் கொட்டிவிட்டுப் போய்விடும்.

குமுலோநிம்பஸ் எனும் கார்திரள் மேகம்: இதுதான் ஆபத்தான ஆள். ஒரு லிட்டர் தண்ணீருக்குரிய நீராவி துளியாக மாறும்போது, சுமார் 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வெளியாகிறது. அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளும்; மேலே போனால் இன்னும் நீராவி துளியாகும். இப்படியே வளர்ந்து 12, 15 கிலோமீட்டர் உயரம்கூடப் போகும். இடி, மின்னல், பெருமழை எல்லாம் இதன் வேலை.

மாலையா, விடியற்காலையா?

கோடையில் நமக்கு இடிமழை பெரும்பாலும் மேற்கே கறுத்து, சாயங்காலத்துக்கு மேல் வரும். வடகிழக்குப் பருவத்தில் தலைகீழ். இரவில் தரை குளிர, தரைக்காற்று கடலை நோக்கி வீசும். எதிரே ஈரமான வடகிழக்குக் காற்று வருகிறது. இரண்டும் கரையோரம் மோதினால் காற்று மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. அதனால்தான் காசிமேடு முதல் எண்ணூர் வரை பின்னிரவிலும் விடியற்காலையிலும் மழை வலுக்கிறது. படுக்கப் போகும்போது வானம் தெளிவாக இருந்தது என்பதை நம்பிவிடக் கூடாது.

அறிக்கையின் சொற்கள்

"ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்குள் மழை. "பெரும்பாலான இடங்களில்" என்றால் முக்கால் பங்குக்கு மேல். கனமழை என்பது 24 மணி நேரத்தில் சுமார் 7 முதல் 11 சென்டிமீட்டர். மிக கனமழை 12 முதல் 20. அதற்கு மேல் அதி கனமழை. இந்த 24 மணி நேரம் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை.

ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 லிட்டர் தண்ணீர். 20 சென்டிமீட்டர் பெய்தால் ஒரு ஏக்கரில் மட்டும் 8 லட்சம் லிட்டர்! அது ஓட்டேரி நல்லா வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கடலில் சேர வேண்டும். கடல் மட்டம் உயர்ந்திருக்கும் நேரத்தில் வடிவது மெதுவாகிவிடும்.

2021 டிசம்பர் 30 சொல்லும் பாடம்

அன்று சென்னைக்குச் சொல்லப்பட்டது லேசானது முதல் மிதமான மழை வரைதான். பெய்ததோ நகரின் பல இடங்களில் 10 சென்டிமீட்டருக்கு மேல். சுரங்கப்பாதைகள் மூழ்கின. மின்சாரம் தாக்கி மூன்று பேர் இறந்தார்கள்.

அறிக்கையைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. புயல் என்பது பல நூறு கிலோமீட்டர் அகலம், நாட்கணக்கில் நகரும், முன்கூட்டிச் சொல்லலாம். கார்திரள் மேகமோ சில கிலோமீட்டர் அகலத்தில், ஒரு மணி நேரத்துக்குள் வளர்ந்துவிடும். அது எந்தத் தெருவில் கொட்டும் என்று முதல் நாளே சொல்வது மிகக் கடினம். சென்னைத் துறைமுகத்தில் 2002-ல் நிறுவப்பட்ட டாப்ளர் ரேடார் போன்ற கருவி, உருவாகிவிட்ட மழை மேகத்தைத்தான் காட்டும். பிறக்காத மேகத்தைக் காட்டாது.

ஆகவே நாளைய ஏற்பாட்டுக்கு அறிக்கையைக் கேளுங்கள். அடுத்த ஒரு மணி நேரத்துக்கு ரேடார் படத்தையும் கிழக்கு வானத்தையும் பாருங்கள். கார்திரள் எழுந்து, காற்று திடீரென்று சில்லிட்டுத் திசை மாறினால் உடனே புத்தகம், சர்டிபிகேட், ரேஷன் அரிசி எல்லாவற்றையும் பரண்மேல் ஏற்றுங்கள். தண்ணீர் வாசல்படியைத் தொடும் முன்பே மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். தெருவில் பில்லர் பாக்ஸ் அருகே தேங்கிய தண்ணீரில் கால் வைக்காதீர்கள். சின்னப் பசங்களையும் விடாதீர்கள்.

மின்னியல் படிக்கும் நாம் இதைத் தெருவில் நாலு பேருக்குச் சொன்னால், நம் டிப்ளமோ அங்கேயே பாஸ்!