இரத்மலானையும் பலாலியும்: தூரமும் நேரமும்

இரண்டு இடங்களுக்கு இடையேயுள்ள தூரத்தை அறிந்தால் பிரயாண நேரத்தையும் அறிந்தவராவோம் எனப் பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தும் என்பதை, நம் கல்லூரியார் நன்கறிந்த இரு விமான நிலையங்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதலில் தூரத்தைக் கணிப்போம். இரத்மலானை வட அகலக்கோடு 6 பாகை 49 கலையில் உள்ளது. பலாலி 9 பாகை 48 கலையில் உள்ளது. இவற்றின் வித்தியாசம் 179 கலை. அகலக்கோட்டில் ஒரு கலை ஒரு கடல்மைலாகும். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீற்றர். எனவே தூரம் ஏறக்குறைய 330 கிலோமீற்றர். பலாலி 11 கலை கிழக்கே விலகியுள்ளதெனினும், பைதகரசின் தேற்றப்படி அதனாற் கூடும் நீளம் அரைக் கடல்மைலுக்கும் குறைவே. கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் புகையிரதப் பாதையோ ஏறத்தாழ 400 கிலோமீற்றர் நீளமுடையது.

இனி நேரத்தை நோக்குவோம். 1947 டிசம்பர் 10ஆம் நாள் எயர் சிலோன் நிறுவனத்தின் டகோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அவ்வகை விமானம் மணிக்கு 300 கிலோமீற்றர் செல்லுமெனக் கொண்டால், பலாலியை அடைய 66 நிமிடம் வேண்டும். மணிக்கு 500 கிலோமீற்றர் செல்லும் விமானத்துக்குக் கணக்கின்படி 40 நிமிடமே போதும். ஆயினும் மேலெழும்போதும் கீழிறங்கும்போதும் வேகம் குறைதலின் நேரம் கூடும். நிலையத்தை அடையும் நேரமும் காத்திருக்கும் நேரமும் வேறு. வெள்ளவத்தையில் இருப்பவர்க்கு இரத்மலானை அண்மையிலுள்ளது; கொட்டாஞ்சேனையில் இருப்பவரோ வடக்கே பறப்பதற்காக நகரைக் கடந்து முதலில் தெற்கே வரல் வேண்டும்.

இவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. போரினால் 1990இல் யாழ்தேவி யாழ்ப்பாணம் செல்வது நின்றது. 2014 ஒக்டோபரிலேயே அது மீண்டும் அங்கு சென்றது. தரைவழியும் பல்லாண்டுகள் அடைபட்டுக் கிடந்தது. ஓர் இரவிற் சென்றடைந்த ஊருக்குக் கப்பலையும் விமானத்தையும் எதிர்பார்த்து மக்கள் நாட்கணக்கிற் காத்திருந்தனர். வான்வழியும் அச்சமற்றதாய் இருக்கவில்லை. 1998 செப்டெம்பர் 29ஆம் நாள் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட பயணிகள் விமானம் மன்னார்ப் பக்கத்துக் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். அவ்வாண்டுகளிலும் அந்த 330 கிலோமீற்றர் கூடவுமில்லை, குறையவுமில்லை.

ஆதலின் தூரத்தை வரைபடம் கூறும். நேரத்தை நிருணயிப்பன பொறியின் வேகமும் பாதையின் நிலையும் நாட்டின் அமைதியுமாம்.

மாணவர்க்கு ஒரு பயிற்சி: சென்னை விமான நிலையம் 12 பாகை 59 கலையில், ஏறத்தாழ அதே நெடுங்கோட்டில் உள்ளது. பலாலியிலிருந்து அதன் தூரத்தைக் கணிக்க. பலாலி அவ்விரு நிலையங்களுக்கும் ஏறக்குறைய நடுவில் இருத்தல் புலனாகும். பின்னர் வீட்டிலுள்ள முதியோரிடம், 1990க்கு முன்னும் பின்னும் ஊர் போய்ச் சேர எவ்வளவு நேரம் சென்றது என வினவி, விடைகளை அருகருகே எழுதுக.